தொகுதியும் பகுதியும்

என் தகப்பனார் தஞ்சை ஜில்லாவில் ஒரு சிற்றூருக்குக் கிராம முன்சீபாக இருந்தார். 1980ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக அரசாங்கம் பகுதிநேரக் கிராம உத்தியோகங்களை ஒரே அவசரச் சட்டத்தினால் எடுத்துவிடும் வரையில், தீர்வை வசூலிப்பதோடு ஊரின் ஜனன மரணக் கணக்கை எழுதி வைப்பதும் அவருடைய கடமையாகவே இருந்தது. திண்ணையில் சாய்மேசையை வைத்துக்கொண்டு அவர் எழுதிவந்த அந்தப் பதிவேட்டில், மரணத்துக்குக் காரணம் என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போனால், பெரும்பாலும் 'சுரம்' என்ற ஒரே பதந்தான் கண்ணில் படும். க்ஷயத்தால் இளைத்துச் செத்தவனுக்கும் சுரம். பிள்ளை பெற்ற ஏழாம் நாள் ஜன்னி கண்டு போனவளுக்கும் சுரம். பெயர் வைப்பதற்கு முன்பே கண்மூடிய சிசுவுக்கும் சுரம். நாடி பிடித்துப் பார்த்தவர் ஒருவருமில்லாத மரணத்துக்கு வேறு எந்தக் காரணத்தை அவர் எழுதியிருக்க முடியும்? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, விடுமுறைக்கு ஊர் வந்த நாட்களில் அந்த ஏட்டைப் புரட்டியபோதெல்லாம், இறந்தவர்களைப் பற்றி எழுதியிருப்பதைவிட, எழுதாமல் விடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற சிந்தனையே என்னை அதிகமாக உறுத்தியது.

1991ஆம் ஆண்டில், மருத்துவமனை உத்தியோகத்தை விட்டுவிட்டு ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கப் போகிறேன் என்று நான் அவருக்கு எழுதினேன். "டாக்டருக்குப் படித்துவிட்டுக் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். சம்பளம் குறையாதல்லவா?" என்று பதில் வந்தது. குறையத்தான் செய்தது. அதை மாத்திரம் அவருக்கு நான் எழுதவில்லை.

வைத்தியத்தைத் துறந்தவன் என்று என் உறவினர் பலர் இன்றும் என்னைக் கருதுகிறார்கள். வைத்தியனுக்குத் தன் முன் வந்து உட்கார்ந்தவனைத் தெரியும். வராதவனைத் தெரியாது என்பது மாணவனாக இருந்தபோதே எனக்குப் புலப்பட்டுவிட்டது. எங்களைச் சேத்துப்பட்டிலிருந்த காசநோய் மருந்தாய்வு நிலையத்துக்கு ஒரு நாள் அழைத்துச் சென்றார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி 1956இல் தொடங்கிய நிலையம் அது. காசநோயாளிகளைத் திருவுளச்சீட்டு முறையில் இரு கூறாக்கி, ஒரு கூறைச் சானடோரியத்தில் கிடத்தியும், மற்றொரு கூறைச் சென்னையின் ஒண்டுக் குடித்தனங்களிலேயே வைத்து மாத்திரை கொடுத்தும் அவர்கள் நடத்திய பரிசோதனையின் முடிவு 1959இல் வெளிவந்தது. நல்ல காற்றும், முட்டையும் பாலும், பூரண ஓய்வும் இல்லாமல் காசம் தீராது என்று ஒரு நூற்றாண்டு நம்பியிருந்ததற்கு மாறாக, இடமும் இல்லாமல், ஊட்டமும் குறைந்து, வீட்டிலேயே கிடந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தார்கள். அதைவிட என்னை ஆச்சரியத்தில் ஆழ்த்தியது அவர்கள் செய்திருந்த இன்னொரு காரியம். நோயாளியோடு ஒரே அறையில் படுத்துறங்கிய மனைவி, மக்கள், தாய், தம்பி ஆகிய ஆரோக்கியவான்களையும் பெயர் பெயராக எழுதிக்கொண்டு, அவர்களுக்கு நோய் தொற்றியதா இல்லையா என்று ஆண்டுக்கணக்கில் பார்த்து வந்திருந்தார்கள். மருந்து தொடங்கிய பிறகு வீட்டிலிருந்த நோயாளியால் வீட்டாருக்கு வந்த கேடு அதிகமில்லை என்பதை, நோய் வராதவர்களை எண்ணித்தான் நிலைநாட்ட முடிந்தது. நோய் வராதவனைத் தேடிக்கொண்டு போகிற டாக்டரை அதற்குமுன் நான் கேள்விப்பட்டதில்லை.

1987இன் தொடக்கத்தில் நான் ஆக்லாந்துக்கு வந்து, தெற்குப் பகுதியில் ஒரு மருத்துவமனையில் இளநிலை டாக்டராக அமர்ந்தேன். அவ்வருஷம் ஜூன் மாத 'மெட்ரோ' சஞ்சிகையில் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரு பெண்மணிகள் எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. நாங்கள் இரவுப் பணியில் ஓய்வெடுக்கும் அறையில் அந்த இதழ் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து போயிற்று. நகரத்தின் புகழ்பெற்ற தேசியப் பெண்கள் மருத்துவமனையில், ஹெர்பர்ட் கிரீன் என்ற பேராசிரியர், கருப்பை வாயில் பரவத் தொடங்காத ஆரம்பநிலைப் புற்று புற்றாக முற்றுவதில்லை என்ற தம் கொள்கையை நிரூபிக்கும் பொருட்டு, 1966 முதல் பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை அளிக்காமல் கவனித்துக்கொண்டு மட்டும் வந்தார் என்பதும், அந்தப் பெண்களுக்குத் தாங்கள் ஓர் ஆராய்ச்சிக்கு உட்பட்டிருப்பதே தெரியாது என்பதும் அக்கட்டுரையின் சாரம். அரசாங்கம் நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை வைத்தது. மறு வருஷம் அறிக்கை வந்தது. பின்னர் அந்த அம்மையாரே நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார்.

விசாரணையைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். பத்திரிகைக்காரர்கள் அதிகம் கவனிக்காத ஒரு பக்கத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்த விவகாரம் வெளிச்சத்துக்கு வந்ததற்கு மூலம், 1984இல் ஒரு மருத்துவ ஏட்டில் வெளியான ஆய்வுக் கட்டுரை. அதை எழுதியவர்கள் நால்வர். உருப்பெருக்கியால் கருப்பை வாயைப் பரிசோதித்து வந்த மெக்கிண்டோ. திசுக்களை ஆராய்ந்த நோய்க்குறியியல் அறிஞர் மெக்லீன். மகப்பேற்று மருத்துவர் ரான் ஜோன்ஸ். நான்காமவர் பீட்டர் மல்லின்ஸ் என்ற புள்ளியியலாளர். முதல் இருவரும் தங்கள் ஐயங்களை ஆண்டுக்கணக்காக மேலிடத்தில் முறையிட்டும் பயன் விளையவில்லை. ஒவ்வொரு பெண்ணின் குறிப்பேட்டையும் தனித்தனியே எடுத்து வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது. இன்னாருக்கு வயது அதிகம், இன்னார் அழைத்தபோது வரவில்லை, இன்னாருக்குத் தொடக்கத்திலேயே புற்று இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிச் சிலரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டதும் விசாரணையில் வெளிவந்தது. நால்வரும் செய்தது என்னவென்றால், 948 பெண்களின் ஏடுகளையும் ஒன்றாகத் திரட்டி, முதற் சிகிச்சைக்குப் பின் பரிசோதனை சுத்தமாக வந்தவர் 817 பேர், தொடர்ந்து கோளாறு காட்டியவர் 131 பேர் என்று இரண்டாகப் பிரித்து வைத்ததுதான். முதல் வகுப்பில் 12 பேருக்குப் புற்று வந்தது. அதாவது நூற்றுக்கு ஒன்றரை. இரண்டாம் வகுப்பில் 29 பேருக்கு, நூற்றுக்கு இருபத்திரண்டு. கட்டுரையில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. யாரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டவும் இல்லை. ஈராண்டு கழித்து ஒட்டாகோவைச் சேர்ந்த டேவிட் ஸ்கெக், அவரும் டாக்டராயிருந்து இத்துறைக்கு வந்தவரே, ஒரு கடிதத்தில் கிரீனின் செயலைத் துரதிருஷ்டமான பரிசோதனை என்று குறிப்பிட்ட பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

நூலகத்தில் அந்த 1984ஆம் வருஷத்துக் கட்டுரையைத் தேடி எடுத்து, நின்றபடியே படித்து முடித்தேன். 131 பேர் கொண்ட வகுப்பு எவ்வளவு கொடியது என்பது அந்த 817 பேர் பக்கத்தில் இருப்பதனால் அல்லவா தெரிகிறது என்று எனக்குத் தோன்றிய மாத்திரத்தில், சேத்துப்பட்டும், எங்களூர்த் திண்ணையும் ஒருங்கே நினைவுக்கு வந்தன. பள்ளிக்கூடத்தில் பின்னத்தின் மேலெண்ணைத் தொகுதி என்றும், கீழெண்ணைப் பகுதி என்றும் கற்றோம். டாக்டர்களாகிய நாங்கள் வாழ்நாளெல்லாம் தொகுதியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்; பகுதியை எண்ணுவதற்கு ஆள் வேண்டும்.

1987 நவம்பரில் நியூசிலாந்துத் தொட்டில் மரண ஆய்வு தொடங்கியது. இரவு நன்றாகப் பால் குடித்து உறங்கிய சிசு, விடிந்து பார்த்தால் காரணமில்லாமல் இறந்து கிடக்கும் அவலம் இந்நாட்டில் அப்போது உலகிலேயே மிக அதிகமாயிருந்தது. ஆயிரம் பிறப்புக்கு நான்கு மரணம் என்ற அளவு. அத்தகைய சிசு ஒன்றைத் தாய் மார்போடு அணைத்தபடி அவசரப் பிரிவுக்குள் ஓடி வந்ததை நானும் கண்டிருக்கிறேன். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மனம் வரவில்லை. எட் மிட்செல் என்ற குழந்தை மருத்துவரும், ராபர்ட் ஸ்கிராக் முதலானோரும், அதற்கு முன்பே நெடுங்காலமாக இதைப் பற்றிக் கவலைப்பட்டு வந்த டாக்டர் ஷெர்லி டாங்கின் அம்மையாரும் பங்கு கொண்ட அந்த ஆய்வு மூன்று ஆண்டுகள் நடந்தது. இறந்த சிசுக்கள் 485. அவற்றோடு ஒப்பிடுவதற்கு, பிறப்புப் பதிவுகளிலிருந்து திருவுளச்சீட்டாகத் தேர்ந்தெடுத்த, உயிரோடிருந்த சிசுக்கள் 1,800. உயிரோடிருந்த குழந்தையின் வீட்டுக்கும் தாதி சென்றாள். இன்ன நாள், இன்ன நேரத்து உறக்கம் என்று முன்னதாகவே ஒன்றைக் குறித்துக் கொடுத்து, அந்த ஓர் உறக்கத்தில் குழந்தையை எப்படிக் கிடத்தினீர்கள், என்ன போர்த்தினீர்கள், யார் பக்கத்தில் படுத்திருந்தார்கள் என்று விசாரித்தாள். ஒரு விபரீதமும் நிகழாத சாதாரணத் தூக்கத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டு எழுத வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தோன்றும்!

ஏனெனில் குப்புறப் படுத்து இறந்த குழந்தைகளை மாத்திரம் பார்த்தவர்களுக்கு அதில் விசேஷமொன்றும் புலப்படவில்லை. அக்காலத்தில் இந்நாட்டில் குழந்தைகளைக் குப்புறக் கிடத்துவது பரவலான வழக்கம். மல்லாந்து படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழலில் போய்விடும் என்று டாக்டர்களே அப்படிச் சொல்லி வந்தார்கள். 1988இல் எங்கள் மூத்த மகள் பிறந்தபோது, சென்னையிலிருந்து பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த என் மாமியார், வார்டில் ஒரு தாதி குழந்தையைக் கவிழ்த்துப் படுக்க வைத்ததைக் கண்டு திடுக்கிட்டுப் போனார்.

"ஏன் மாப்பிள்ளை, பச்சைக் குழந்தையைக் குப்புறப் போட்டால் மூச்சு முட்டாதா? நீங்களும் டாக்டர்தானே, சொல்லக்கூடாதா?" என்று என்னிடம் முறையிட்டார்.

"இங்கே இதுதான் வழக்கம் அத்தை" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தம் பழைய நூல்புடவையில் தூளி கட்டி, பேத்தியை மல்லாக்கப் போட்டு ஆட்டினார். சில ஆண்டுகளுக்குப் பின் ஆய்வின் முடிவுகள் வந்து, குப்புறக் கிடத்துவதும், தாய் புகைப்பதும், தாய்ப்பால் கொடாமையும் இம்மரணங்களுக்குத் துணை நிற்கும் பெரிய காரணங்கள் என்று தெளிவானபோது, மாமியாரின் வெற்றி எங்கள் வீட்டில் விமரிசையாகக் கொண்டாடப்பட்டது. நம் முன்னோர் அறியாததில்லை என்று ஒரு நண்பர் பிரசங்கமே செய்துவிட்டார். அவருக்கு நான் ஒன்றை ஞாபகப்படுத்தினேன். அதே மாமியார் அதே உறுதியோடு, முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும் என்றும் சொன்னார். என் மனைவி சண்டை பிடித்துத்தான் அதைத் தடுத்தாள். இரண்டும் ஒரே அனுபவத்திலிருந்து, ஒரே குரலில் வந்த வாக்குகள். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை 1,800 வீடுகளின் கதவைத் தட்டிய அந்தத் தாதிமார்தாம் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தைகளைக் குப்புறக் கிடத்த வேண்டாம் என்று 1991 முதல் நாடெங்கும் பிரசாரம் நடந்தது. சில ஆண்டுகளுக்குள் தொட்டில் மரணங்கள் ஏறக்குறையப் பாதியாயின. எந்தக் குழந்தை பிழைத்தது என்று யாராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது.

பல்கலைக்கழகத்தில் நான் பெற்ற கல்வியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கால்குலஸை மறந்த நடுவயதுக்காரன் இளைஞர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பட்ட பாடு வாசகருக்குச் சுவைக்காது. ஆனால் அந்த வாய்ப்பு அபூர்வமானது. மீனைப் பிடித்து அடையாளமிட்டு நீரில் விட்டு, மறுபடி வலை வீசும்போது எத்தனை அடையாள மீன் அகப்படுகிறது என்பதிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத மீன்களின் தொகையைக் கணிக்கும் வித்தையில் உலகப் புகழ் பெற்றவர் அங்கே பேராசிரியராயிருந்த ஜார்ஜ் செபர். நோயுற்றோரையும் உறாதோரையும் ஒப்பிடும் ஆய்வுகளின் கணிதத்தைச் செப்பம் செய்தவர்கள் அலஸ்டர் ஸ்காட்டும் கிறிஸ் வைல்டும். அதே துறையில்தான் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர், மாணவர்களின் மக்கின்டாஷ் கணினிகளில் ஓடக்கூடியதாக ஒரு கணக்கீட்டு மொழியை அமைத்து, தம் பெயர்களின் முதலெழுத்தை நினைவூட்டும்படி அதற்கு 'ஆர்' என்று ஓரெழுத்துப் பெயரிட்டார்கள். 1995இல் அதை யாரும் விலையின்றி எடுத்தாளலாம் என்று உலகுக்குத் திறந்து வைத்தார்கள். இன்று வேலூரிலும் சேத்துப்பட்டிலும் ஆராய்ச்சியாளர் கையாளும் அந்தக் கருவி, இஹாகா என்ற மாவோரி வமிசத்தவர் பங்காளியாயிருந்து ஆக்லாந்தில் பிறந்தது என்பதை நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் வலிந்து சொல்லிக்கொள்வதுண்டு.

அதன்பின் வந்த என் உத்தியோகம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அலுப்பூட்டக்கூடியது. ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இந்நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு சுகாதார எண் உண்டு. அதையும் மறைகுறியாக்கி, பெயரில்லாத இலட்சக்கணக்கான வரிகளாகத் தரவு என் மேசைக்கு வரும். கணக்குப் போடுவது கடைசி வாரத்து வேலை. அதற்கு முந்திய மாதங்களெல்லாம் அழுக்கெடுப்பதில் கழியும். ஒரு முறை என் இளைய சகா ஒருத்தி, குறிப்பிட்ட சில பேட்டைகளில் ஜனவரி முதல் தேதியன்று பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருக்கிறார்களே, தரவு கெட்டிருக்கிறதோ என்று கேட்டாள். அகதிகளாக வந்தவர்களுக்கும், பிறப்புச் சான்றில்லாத ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கும் குடியேற்ற அதிகாரி எழுதிக் கொடுத்த பிறந்தநாள் அது. எங்களூரில் பள்ளிச் சேர்க்கைக்கு வயது காணாத பிள்ளைகளையெல்லாம் தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் பிறக்க வைத்துவிடுவார் என்று நான் சொன்னபோது, அவள் சிரித்துவிட்டு, அப்படியானால் உங்கள் பிறந்தநாள் எப்போது என்று கேட்டாள். ஜூன் மாதந்தான்.

வயதைவிடப் பெரிய தொல்லை இனம். இந்நாட்டில் ஒருவர் இறந்தால் பதிவுப் படிவத்தைப் பூர்த்தி செய்பவர் சவ அடக்கம் செய்விப்பவர். அவர் வீட்டாரை விசாரித்து எழுதுவதும் உண்டு. முகத்தைப் பார்த்து அனுமானித்து எழுதியதும் உண்டு. 1995 செப்டம்பர் வரையில் அந்தப் படிவம் இரத்தத்தில் எத்தனை பங்கு மாவோரி என்ற பாணியில் கேட்டுக்கொண்டிருந்தது. குடிக்கணக்கிலோ ஒவ்வொருவரும் தம்மைத் தாமே மாவோரி என்றோ சமோவர் என்றோ எழுதிக்கொள்வார்கள். ஆகவே மரண விகிதத்தின் தொகுதி ஒருவர் கண்ணால் எண்ணப்பட்டது; பகுதி இன்னொருவர் வாயால் சொல்லப்பட்டது. டோனி பிளேக்லி என்ற ஆராய்ச்சியாளர், இவரும் டாக்டரே, குடிக்கணக்கையும் மரணப் பதிவையும் பெயரின்றியே இணைத்துப் பார்த்தபோது, 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் மாவோரி மரணங்களும் பசிபிக் தீவினர் மரணங்களும் வெகுவாகக் குறைத்து எண்ணப்பட்டிருந்தது நிரூபணமாயிற்று. அதற்காக எவரும் பொய் எழுதவில்லை. என் தகப்பனாரும் பொய் எழுதியவரல்லர். அந்த முடிவைப் படித்த வருஷம் அவர் காலமாகிவிட்டிருந்தார். இருந்திருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்; விளங்காவிட்டாலும், சவ அடக்கக்காரனையா முன்சீபாக வைத்திருக்கிறார்கள் என்றாவது கேட்டிருப்பார்.

பிற்பாடு நான் மாரடைப்புக் கணக்குகளில் அதிகம் ஈடுபட்டேன். இரத்த அழுத்தம் இவ்வளவு என்பதை மட்டும் பார்த்து மாத்திரை எழுதாமல், இவருக்கு இன்னும் சில ஆண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று கணித்துச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற முறையை, ராட் ஜாக்சன் முதலியோரின் முயற்சியால் 1990களிலேயே கைக்கொண்ட நாடு இது. ஆனால் கணிக்க உதவிய சூத்திரமோ, அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல் கவனிக்கப்பட்டு வந்த வெள்ளையர்களிடமிருந்து பெற்றது. மாவோரிக்கும், தீவினருக்கும், இந்தியத் துணைக்கண்டத்தவருக்கும் அது பொருந்தாது என்பதால், 2003ஆம் ஆண்டு வழிகாட்டியில் இவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டிக்கொள்ளும்படி சொல்லி வைத்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்த கண்மதிப்புத்தான். 2018இல் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட நியூசிலாந்துக்காரரின் விவரங்களைக் கொண்டு உள்ளூர்ச் சூத்திரம் வெளியானபோது, பழைய சூத்திரம் பொதுவில் ஆபத்தை மிகைப்படுத்தி வந்தது தெரிந்தது. இந்தியர் என்ற வகுப்பும் தனியாகவே கணக்கில் ஏறியது. ஆசியர் என்று ஒரே பெட்டியில் சீனரையும் நம்மவரையும் போட்டுச் சராசரி எடுத்தால், அவர்களுடைய குறைந்த மாரடைப்பு நம்முடைய அதிகத்தை மூடிவிடும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்; எனக்கு அன்று பரம திருப்தி.

ஆயினும் பிரிக்கப் பிரிக்க எண்ணிக்கை சிறுத்துவிடும். ஓர் அட்டவணைக் கட்டத்தில் சிலரே இருந்தால், ஆள் இன்னாரென்று அடையாளம் தெரிந்துவிடுமாகையால், அதை வெற்றாக விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் விதி. ஒரு பேட்டையின் அறிக்கைக்காகத் தமிழ் பேசுவோரைத் தனி வரியாக எடுத்துப் பார்த்து, கட்டங்களெல்லாம் அந்த வரம்புக்குக் கீழே இருக்கக் கண்டு, நானே அந்த வரியை அடித்தேன்.

இதைத் தெற்கு ஆக்லாந்தில் ஒரு கோயிலில், யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் சொல்ல நேர்ந்தது. எண்பது கடந்தவர், இருதயத்தில் குழாய் வைத்துக்கொண்டவர். எங்கட ஆக்களுக்கு இங்கே மாரடைப்பு எவ்வளவு என்று கேட்டார். இந்தியத் தமிழர் இந்தியர் கணக்கிலும், இலங்கைத் தமிழர் வேறு கணக்கிலும் வருவார்கள் என்றேன்.

"நாங்கள் ஆரோட வாறம்?"

அரசாங்க வகைப்பாட்டின் இரண்டாம் படியில் இலங்கையர் ஜப்பானியரோடும் கொரியரோடும் 'பிற ஆசியர்' என்று சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை நான் விளக்கினேன். அவர் கையிலிருந்த வடையைச் சற்று நிறுத்தி யோசித்தார்.

"யப்பான்காரரோடயோ? அவையள் நூறு வயசுக்கு மேலயும் இருக்கிறவையாமே தம்பி. அப்ப அதை மாத்தச் சொல்லாதையுங்கோ" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.